மேச்சேரியும் கடற்கரையே!

ஆண்டுதோறும் செப்தம்பர்த் திங்களின் மூன்றாம் காரிக்கிழமை, உலகக் கடற்கரைத் துப்புரவு நாளாகக் கடைப்பிடிக்கப்பெற்று வருகின்றது. 1986-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் தெக்சாசுக் கடற்கரையில் தன்னார்வத் தொண்டர்களால் தொடங்கப்பெற்ற அப் பணி, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியிருக்கின்றது. தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் அந் நாளிலும் பிற விடுமுறை நாள்களிலும் இளைஞரும் மாணவரும் மீனவரும் கோணிப்பைகளோடு திரண்டு, வெயிலிற் குனிந்து, மணலிற் புதைந்த கழிவுகளைப் பொறுக்கி எடுக்கின்றனர். கூலி கருதாமல் அவர்கள் செய்யும் அத் தொண்டு வாழ்த்தி வரவேற்கத் தக்கதாம். ஆனால், அவர்கள் பொறுக்கி எடுப்பவை எவை, அவை எங்கிருந்து அங்கு வந்தன என்னும் இரண்டு வினாக்களையும் கடலோரத்தார் மட்டுமே கேட்டுக் கொண்டிருக்கின்றனர். கடலையே காணாத உள்நாட்டுத் தமிழரோ, அது யாருடைய குப்பையோ, யாருடைய கடலோ என்று இருந்துவிடுகின்றனர். அவ்வாறு இருத்தல் எத்துணைப் பெரிய பிழை என்பதைக் காட்டுதற்குச் சேலம் மாவட்டத்து மேச்சேரியே போதிய சான்றாகும்.

கடற்கரையில் ஒதுங்குவனவற்றுள் அறுந்த மீன்வலைத் துண்டுகளும் கயிறுகளும் உள. அவை கடற்றொழிலால் வருவன. அவற்றோடு குவிந்து கிடப்பவையோ, தண்ணீர்ப் புட்டியும் அதன் மூடியும், தின்பண்ட உறையும், தேநீர்க் குவளையும், தலைமுழுக்குக் குழம்பின் சிற்றுறையும், காய்கறி வாங்கிவந்த கைப்பையும் ஆகும். இவற்றுள் எதுவும் கடலில் விளைந்ததன்று. மீனவர் மட்டுமே துய்த்து எறிந்ததுமன்று. மேச்சேரிச் சந்தையிலும் பேருந்து நிற்குமிடத்திலும் பத்திரகாளியம்மன் கோயில் முற்றத்திலும் நாள்தோறும் கைமாறிக் காலடியில் விழுபவையும் இவையே.

மேச்சேரிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் வினவலாம். அத் தொடர்பை வகுத்தது நீர். மேச்சேரிப் பக்கத்து ஏரிகள் சரபங்க ஆற்றுப் படுகையைச் சேர்ந்தவை. மேட்டூர் அணையின் மிகைநீரை ஏற்றி அப் படுகையின் வறண்ட ஏரிகள் நூற்றை நிரப்பும் திட்டமும் 2021-இல் தொடங்கப்பெற்றுள்ளது. ஆகலின் முன்னர்ப் பல்லாண்டு வறண்டு கிடந்த ஏரிகளும் கால்வாய்களும் இப்பொழுது நீரோட்டம் பெறுகின்றன. அது உழவர்க்கு மகிழ்ச்சி தருவதே. ஆனால், வறண்டிருந்த காலத்தில் அக் கால்வாய்களில் எறியப்பெற்ற குப்பையையும் அந் நீரே சுமந்து செல்லும் என்பதை எத்துணைப் பேர் எண்ணினர்?

சரபங்க ஆறு ஓமலூர், எடப்பாடிப் பக்கமாக ஓடி, மேட்டூர் அணைக்குக் கீழே காவிரியிற் கலக்கின்றது. எனவே 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற அப் பேரணைகூட அக் குப்பையைத் தடுத்து நிறுத்த இயலாது. சேலம் நகரின் கழிவைத் தாங்கிவரும் திருமணிமுத்தாறும் நாமக்கல் மாவட்டத்திற் காவிரியையே அடைகின்றது. இவை எல்லாம் கூடி, ஈரோடும் பள்ளிபாளையமும் தரும் பங்கையும் ஏற்றுக்கொண்டு, பரமத்தி வேலூர், மோகனூர், குளித்தலை கடந்து முக்கொம்பை அடைகின்றன. இடையே உள்ள கதவணைகளிற் சிறிது தேங்கலாம். வெள்ளம் வந்து கதவுகள் தூக்கப்பெற்றால் தேங்கியதும் புறப்பட்டுவிடும். முக்கொம்பிற் பிரியும் கொள்ளிடம் வெள்ள நீரை நேரே வங்கக் கடலுக்குக் கொண்டு செல்கின்றது. மற்றைக் காவிரி தஞ்சை மருத நிலத்தை ஊட்டிப் பூம்புகாரில் முடிகின்றது. சிலப்பதிகாரத்தின் கானல்வரி பிறந்த அதே கடற்கரையில், இன்று மேற்கு மாவட்டங்களின் தின்பண்ட உறைகள் போய் ஒதுங்குகின்றன எனின், அதனைக் கேட்டு நாணாதான் தமிழனாதல் எங்ஙனம்?

'ஒரு சிற்றூரின் குப்பை எம்மட்டு? பெருநகரங்களையும் பேராறுகளையும் அன்றோ திருத்தல் வேண்டும்?' என்று கூறித் தப்பித்துக்கொள்வாரும் உளர். அவர்தம் கூற்றுக்கு அறிவியலறிஞர்கள் 2021-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு விடையிறுத்துள்ளது. ஆறுகள் வழியே கடலிற் சேரும் நெகிழிக் கழிவில் எண்பது விழுக்காட்டை, ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆறுகள் பங்கிட்டுக் கொண்டு வந்து கொட்டுகின்றன என்பதும், மக்கள் நெருங்கி வாழும் ஊர்களின் ஊடே ஓடும் சிற்றாறுகள் அதிற் பெரும்பங்கு கொள்கின்றன என்பதும் அவ் ஆய்வின் முடிவு. ஏதோ பத்துப் பேராறுகளை அடைத்தால் உலகக் கடல் தூய்மையாகிவிடும் என்னும் முந்தைய கருத்து அதனால் தளர்ந்தது. ஆகவே, சரபங்க ஆறும் திருமணிமுத்தாறும் சிறியவை என்பதே அவற்றைப் பொருட்படுத்தாமல் விடுதற்குக் கரணியம் ஆகாது.

நெகிழி என்னும் பெயரையே ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் நெகிழ்ந்து, வேண்டிய வடிவம் கொள்வது ஆகலின் அது நெகிழி ஆயிற்று. மாந்தன் கைக்கு அவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கும் அப் பொருள், மண்ணுக்கும் நீருக்கும் சிறிதும் நெகிழ்ந்து கொடுப்பதில்லை. வாழையிலை சில கிழமைகளில் மட்கி எருவாகும். பருத்தித் துணி சில திங்களில் மண்ணாகும். நெகிழிப் பையோ வெயிலிற் காய்ந்து, நொறுங்கி, துண்டு துண்டாகி, இறுதியிற் கண்ணுக்குப் புலப்படாத நுண்டுகளாகும். அப்பொழுதும் அது நெகிழியே. பைகளும் மூடிகளும் செய்யப்பெறும் வகைகள் நீரினும் எடை குறைந்தன ஆகலின் மிதந்து நெடுந்தொலைவு செல்கின்றன. தண்ணீர்ப் புட்டி செய்யும் வகை எடை மிக்கது ஆகலின், மூடி கழன்றதும் நீர் புகுந்து அடியில் அமிழ்கின்றது. கரையில் ஒதுங்குவதைத் தொண்டர் பொறுக்கலாம். அடியில் அமிழ்ந்ததை யார் பொறுக்குவர்?

1950-இல் உலகம் முழுமையும் ஓராண்டில் உண்டாக்கிய நெகிழி ஏறத்தாழ 20 இலக்கம் டன். இன்று அது 40 கோடி டன்னுக்கும் மேல். அதில் மீண்டும் உருக்கிப் பயன்கொள்ளப்பெறுவது பத்தில் ஒரு பங்குதானும் இல்லை. பொறுக்குகின்ற கைகளின் தொகை எவ்வளவு பெருகினும், இந்த விரைவோடு அவை ஓடி வெல்ல மாட்டா.

மும்பையின் வெர்சோவாக் கடற்கரை இதற்கோர் எடுத்துக்காட்டு. அப்ரோசு சா என்னும் வழக்கறிஞர் 2015-இல் அண்டை வீட்டு முதியவர் ஒருவரோடு அக் கரையைத் துப்புரவு செய்யத் தொடங்கினார். கிழமைதோறும் ஆள் பெருகிற்று. முழங்கால் அளவும் அதற்கு மேலும் கிடந்த குப்பை பல்லாயிரக்கணக்கான தொண்டர்களால் அகற்றப்பெற்றது. 2018-இல் பங்குனி ஆமைக் குஞ்சுகள் அக் கரையிலிருந்து கடலுக்குச் சென்றதைக் கண்டு உலகம் வியந்தது. ஐக்கிய நாடுகள் அவையும் 2016-இலேயே அவருக்கு விருது வழங்கிற்று. எனினும், மழைக்காலந்தோறும் கடல் மீண்டும் குப்பையைக் கொணர்ந்து அதே கரையிற் கொட்டிற்று. ஏனெனில், கரையைப் பெருக்கினரே ஒழிய, ஊர்களின் சாக்கடைகளும் ஓடைகளும் குப்பையை அனுப்புவதை நிறுத்தவில்லை. அக் குறை அத் தொண்டருடையதன்று, அனுப்பியவர்களுடையது.

பொறுக்கி எடுத்தற்கே இயலாத கேடும் ஒன்றுண்டு. 2021-ஆம் ஆண்டு மே 20-இல் கொழும்புத் துறைமுகத்திற்கு அப்பால் எக்சுபிரசு பேர்ல் என்னும் கப்பல் தீப்பற்றிப் பின் மூழ்கியது. அதிலிருந்து ஏறத்தாழ 1,680 டன் நெகிழிக் குறுமணிகள் கடலிற் கொட்டின. பயறு போன்ற அம் மணிகள் ஈழத்து மேலைக் கரைகளில் மணலோடு மணலாகக் கலந்தன; மீன்பிடித்தல் தடுக்கப்பெற்று, மீனவர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. நான்கு ஆண்டுகள் கழிந்து, 2025 மே 25-இல், கொச்சிக்கு அப்பால் எம்.எசு.சி. எல்சா 3 என்னும் கப்பல் மூழ்கியது. அதன் குறுமணிகள் கேரளக் கரையைக் கடந்து குமரிமாவட்டக் கரைக்கும் வந்தன. மீனவரும் தொண்டரும் பணியாளரும் கைகளாலும் சல்லடைகளாலும் மணலைச் சலித்துச் சலித்து அம் மணிகளைப் பிரித்தெடுத்தனர். குழந்தை விளையாடும் மணலிலிருந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்க வேண்டிய நிலை எந் நாட்டுக்கும் வருதல் ஆகாது. அக் குறுமணிகளே, கைப்பையும் புட்டியும் குவளையும் செய்தற்குரிய மூலப்பொருள். இங்கே வாங்கி எறியும் பையின் தேவைக்காகவே அவை கடல் கடந்து ஏற்றுமதியும் இறக்குமதியும் ஆகின்றன.

கடல் தொலைவில் உள்ளது என்று இன்னும் கருதுவார் இருப்பின், அவர்கள் தம் ஊர்ப் பட்டிகளைப் பார்த்தல் வேண்டும். மேச்சேரி என்னும் பெயரைத் தமிழ்நாட்டிற்கு வெளியேயும் அறியச் செய்தது, அவ் ஊரின் பெயராலேயே வழங்கும் செம்மறியாட்டு இனம். மென்பழுப்பு நிறமும் குறுமயிரும் கொண்ட அவ் ஆடு, வறண்ட நிலத்தின் புல்லையும் கோரையையும் மேய்ந்து வளரும் இயல்பினது. அதன் இறைச்சியும், சிறப்பாக அதன் தோலும், உயர்வாக மதிக்கப்பெறுவன. அவ் இனத்தைக் காத்துப் பெருக்குதற்கெனவே பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இயங்கி வருகின்றது.

அத்தகைய ஆடுகள் மேயும் மந்தைவெளியிலும் சாலையோரத்திலும் இன்று உணவு ஒட்டிய நெகிழிப் பைகள் கிடக்கின்றன. உப்பின் சுவைக்கும் சோற்றின் மணத்திற்கும் ஆடு மாடுகள் பையையே விழுங்கிவிடுகின்றன. அசைபோடும் விலங்கின் பெருவயிற்றிற் சென்ற பை செரிப்பதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. பையோடு பை சேர்ந்து உருண்டையாகித் தீனிக்கு இடமின்றிச் செய்கின்றது. விலங்கு மெலிகின்றது, வயிறு உப்புகின்றது, இறுதியில் வீழ்கின்றது. நான்கு ஆடுகளை வைத்துக் குடும்பம் நடத்தும் ஏழைப் பெண்ணுக்கு அதில் ஓர் ஆட்டின் இழப்பு எத்தகையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கடலாமையின் வயிற்றில் அடைக்கும் அதே பைதான் மேச்சேரி ஆட்டின் வயிற்றிலும் அடைக்கின்றது. நெய்தலுக்கு வந்த நோயும் முல்லைக்கு வந்த நோயும் ஒன்றே.

இக் கேட்டைத் தடுத்தற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு அரசு 2018-ஆம் ஆண்டு சூன் 5-இல் அறிவித்து, 2019 சனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடை செய்தது. கைப்பை, தட்டு, குவளை, உறிஞ்சுகுழல், தண்ணீர் உறை, உணவு பொதியும் தாள் முதலியன அவற்றுள் அடங்கும். 2021 திசம்பர் 23-இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கிற்று. இந்திய அரசும் 2022 சூலை 1 முதல் இத்தகைய பொருள்கள் பலவற்றைத் தடை செய்துள்ளது. இருந்தும் அவை சந்தையில் இன்னும் கிடைக்கின்றன. உலக நாடுகள் 2022-இல் நைரோபியிற் கூடி, நெகிழி மாசை ஒழிக்க ஓர் உடன்படிக்கை காண்பதென்று முடிவு செய்தன. 2024-இல் தென்கொரியாவின் பூசானிலும் 2025-இல் செனீவாவிலும் கூடியும் உடன்பாடு காணாமலே கலைந்தன. நெகிழி செய்யும் அளவையே குறைத்தல் வேண்டும் என்று பல நாடுகள் கேட்க, கன்னெய் வளமுடைய நாடுகள் மறுத்தன. மேலிருந்து தீர்வு வரும் என்று காத்திருப்பார் இதனை உணர்தல் வேண்டும்.

சட்டத்தின் கை யார்மேல் விழுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். தெருவோரம் பூ விற்கும் கிழவியின் பைகள் பறிக்கப்பெறுகின்றன. சிறு கடைக்காரர் தண்டம் கட்டுகின்றார். பளபளக்கும் உறைகளில் தின்பண்டங்களை அடைத்து ஊர்தோறும் சரஞ்சரமாகத் தொங்கவிடும் பெருநிறுவனங்களோ, அவ் உறை விற்றபின் எங்குப் போயிற்று என்று கேட்பதே இல்லை. ஒரே ஒரு முழுக்குக்குரிய சிற்றுறை தமிழ்நாட்டுக் கடலூரிலேயே தோன்றி நாடெங்கும் பரவியது என்பர். ஏழைக்கும் எட்டும் விலை என்னும் நன்மை அதில் உண்டு. ஆனால் பொறுக்குதற்கும் விலையில்லாத அச் சிற்றுறையைப் பழைய பொருள் வாங்குவோரும் தொடுவதில்லை. உறை செய்தவரே அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகளே கூறுகின்றன. அவ் விதியை ஏட்டிலிருந்து மேச்சேரித் தெருவுக்கு இறக்குவது அரசின் கடன். அதனைக் கேட்டுப் பெறுவது மக்களின் கடன்.

மக்களிடத்தும் குறை இல்லாமலில்லை. மஞ்சட் பை ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழன் கையிலும் இருந்தது. திருமணத்திற்குச் சென்றவர் தேங்காயும் வெற்றிலையும் இட்ட பையோடு திரும்பினர். அப் பை கிழியும்வரை சந்தைக்குச் சென்று வந்தது. பின்னர், அதனைக் கையில் வைத்திருப்பவன் நாட்டுப்புறத்தான் என்று திரைப்படங்களும் நகரத்தாரும் எள்ளி நகையாடினர். எள்ளலுக்கு அஞ்சியவன் பையை எறிந்தான். நல்ல தமிழில் இரண்டு சொற்கள் பேசியதற்காக நகைக்கப்பெற்றுப் பின் வாய் மூடிக்கொண்டவனின் கதையும் இதுவேயன்றோ? தன்னுடையது எதுவாயினும் இழிந்தது, கடையிற் புதிதாக வந்தது எதுவாயினும் உயர்ந்தது என்னும் அடிமை மனப்பான்மை, மொழியை மட்டும் கெடுத்து நிற்பதில்லை; மண்ணையும் நீரையும் கெடுத்தே தீரும்.

தமிழ்த் தொண்டர்களும் தம்மையே வினவிக்கொள்ள வேண்டிய இடம் இது. தமிழ் மாநாடுகளுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் சாலை நெடுகக் கட்டப்பெறும் பதாகைகள் எதனால் ஆனவை? ஒரு நாள் கூட்டம் முடிந்தபின் அவை எங்குப் போகின்றன? தூய தமிழில் எழுத்துப்பிழையின்றி அச்சிடப்பெற்றது என்பதற்காக அந் நெகிழித் துணியை மண் செரித்துவிடுமா? மொழித்தூய்மை பேசுவோர் மேடையில் நெகிழிப் புட்டியிற் குடித்துவிட்டு எறிவார்களாயின், கேட்பவர் அவர்தம் சொல்லை எங்ஙனம் மதிப்பர்? துணியில் எழுதிய பதாகையும் செம்பில் வைத்த நீரும் மாநாட்டின் பெருமையைக் குறைத்துவிடா.

ஆடிப்பெருக்கன்று மேட்டூரிற் காவிரியை வணங்கக் கூடும் பெருமக்களும் இதனை எண்ணுதல் வேண்டும். முளைப்பாரியும் பூவும் காப்பரிசியும் காதோலை கருகமணியும் ஆற்றுக்குப் படைப்பது முன்னையோர் வழக்கம். அவற்றுள் மட்குவன மட்கின. மீன் உண்பன உண்டது. இன்று அவற்றைக் கொண்டுவந்த நெகிழிப் பையும் கூடவே ஆற்றுக்குப் போகின்றது. தாய் என்று கைகூப்பிய கையே அவள்மேல் குப்பையையும் எறிவதை வழிபாடு என்று எவ்வாறு கூறுவது?

செய்யத் தக்கது யாது? கடற்கரைத் துப்புரவுக்கு மேச்சேரி இளைஞர் கடலூருக்கோ பூம்புகாருக்கோ செல்ல வேண்டுவதில்லை. மேட்டூர் அணையில் நீர் திறத்தற்கு மரபாகக் குறிக்கப்பெற்ற நாள் சூன் 12. அதற்கு முந்திய கிழமைகளிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய கிழமைகளிலும், ஊர் ஏரிகளின் நீர்வரத்துக் கால்களையும் மதகடிகளையும் துப்புரவு செய்தல் வேண்டும். அங்கே ஒருநாள் பொறுக்கியது, கடற்கரையிற் பலநாள் பொறுக்குவதற்கு ஈடாகும். ஏனெனில், அங்கே அது இன்னும் நொறுங்கவில்லை, சிதறவில்லை, அமிழவில்லை. சாக்கடை ஏரியிற் சேரும் வாய்களிற் கம்பி வலைகள் பொருத்துமாறு பேரூராட்சியைக் கேட்டல் வேண்டும். வலையிற் சேர்வதைக் கிழமைதோறும் அகற்றுதற்கும் ஏற்பாடு வேண்டும். இன்றேல் சாக்கடை அடைத்துத் தெருவில் நீர் தேங்கும்.

சேர்த்த கழிவைத் தெருமுனையிற் கொளுத்துதல் அறவே கூடாது. நெகிழி எரியும் புகையில் நஞ்சுண்டு. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், நெகிழிக் கழிவைக் கருங்கற் சல்லியின்மேல் உருக்கிப் பூசிச் சாலை போடும் முறையைக் கண்டு, 2006-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பைகளையும் உறைகளையும் அவ்வாறு பயன்கொள்ளலாம். அதற்கு முதற்கண் வேண்டுவது, வீட்டிலேயே மட்குவதையும் மட்காததையும் பிரித்து வைத்தல். ஆண்டில் ஒருநாள் கடற்கரைக்குச் செல்லும் தொண்டருக்கு மாலை இடுகின்றனர். ஆண்டு முழுதும் பிரிக்காத குப்பையிற் கைவிட்டுத் துழாவும் தூய்மைப் பணியாளரை எவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பிரித்துக் கொடுத்தலே அவருக்குச் செய்யும் முதல் மதிப்பு.

எறிவதைக் குறைத்தற்கு மாற்றுப் பொருள் இல்லை என்பதும் பொய்யுரை. வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்துத் தோப்புகள் பாக்குமட்டை தருகின்றன. பரமத்தி வேலூர், மோகனூர்க் காவிரிக் கரைகள் வாழையிலை தருகின்றன. சேலத்துத் தறிகளும் ஈரோட்டுத் தறிகளும் துணி தருகின்றன; அதனைப் பையாகத் தைத்தற்கு ஊர்தோறும் பெண்கள் உளர். சந்தைக்குத் துணிப்பையும், இறைச்சிக் கடைக்குத் தூக்குப்பாத்திரமும் கொண்டு செல்லுதல் முன்னைத் தலைமுறைக்கு இயல்பாக இருந்தது. இத் தலைமுறைக்கு அது இயலாதது ஆகிவிடாது. பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு ஒரு கிழமை தத்தம் வீட்டில் எறியும் நெகிழியை எண்ணி எழுதச் செய்வாராயின், எந்தச் சொற்பொழிவும் உணர்த்தாததை அவ் எண்ணிக்கை வீட்டாருக்கு உணர்த்தும்.

தமிழன் தன் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்தான். மலையிற் பெய்த மழை காட்டையும் வயலையும் கடந்து கடலிற் சேரும் என்பதையும் நன்கு அறிந்திருந்தான். அவ் அறிவு நூலில் மட்டும் நிற்குமாயின் பயனில்லை. கொள்ளிட முகத்தில் வலை விரிக்கும் மீனவன், மீனோடு மேச்சேரியின் பையையும் இழுத்து ஏற்றுகின்றான். அவன் மேச்சேரியைக் கண்டவன் அல்லன்; மேச்சேரியான் அவனைக் கண்டவன் அல்லன். ஆயினும் ஒருவன் எறிந்தது மற்றவன் பிழைப்பிற் போய் விழுகின்றது. இருவரும் ஒரே இனத்தார் என்று மேடைகளில் முழங்குவதினும், அவன் வலையில் இனித் தன் குப்பை விழாது என்று மேச்சேரியான் ஒருவன் உறுதி கொள்வது மேலானது. வருகின்ற சந்தை நாளில் கையில் ஒரு துணிப்பையோடு அவன் புறப்படட்டும்!